சென்சார் கெட்டதா, ஒயர் கெட்டதா? அளந்து பார்ப்போம்!



ஒரு கார் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒருநாள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகருகிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்து போகிறது, இல்லாவிட்டால் சும்மா நிற்கும்போதே ‘ஊய்ங்’ என்று ஏறி இறங்குகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. முன்னால் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, “த்ராட்டில் பொசிஷன் சென்சார் போச்சு, மாத்திடலாம்” என்கிறார்கள்.

மாற்றினால் சரியாகிவிடுமா? சில நேரம் ஆகும். பல நேரம் ஆகாது. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இதற்குப் பெரிய இன்ஜினியரிங் படிப்பெல்லாம் தேவையில்லை. நாம் இயற்பியல் பாடத்தில் படித்த ஓம் விதியும், ஒரு மல்டிமீட்டரும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

த்ராட்டில் என்பது என்ன?

பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் வட்டமான ஒரு தகடு இருக்கிறது. அதன் நடுவே ஒரு தண்டு போகிறது. தண்டு திரும்பினால் தகடும் திரும்பும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தகடு திறந்து நிறையக் காற்று போகும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். இந்தத் தகடுதான் த்ராட்டில்.

கார்புரேட்டர் இருந்த வண்டிகளில், போகிற காற்றே பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்விடும். இப்போதைய வண்டிகளில் இன்ஜெக்டர் தெளிக்கிறது. எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஈ.சி.யு. என்ற சின்னக் கம்ப்யூட்டர். பெரும் எண்ணிக்கையில் தயாரான கார்களில் இப்படி எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் தெளிப்பது 1967-ல் வோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. பாஷ் நிறுவனத்தின் ‘டி-ஜெட்ரானிக்’ என்பது அந்த அமைப்பின் பெயர்.

ஈ.சி.யு.வுக்குக் கண் கிடையாது. தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் தண்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் த்ராட்டில் பொசிஷன் சென்சார். இதை ஒர்க்‌ஷாப்பில் ‘டி.பி.எஸ்.’ என்பார்கள்.

டி.பி.எஸ். சொல்வதை வைத்து ஈ.சி.யு. எடுக்கும் முடிவுகள்:

1. தகடு மூடியிருக்கிறதா? அப்படியானால் வண்டி சும்மா நிற்கிறது. ஐடில் வேகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.
2. தகடு வேகமாகத் திறக்கிறதா? ஓட்டுநருக்குப் பிக்கப் வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தெளிக்கிறேன்.
3. வண்டி வேகமாகப் போகும்போது தகடு மூடிவிட்டதா? இறக்கத்தில் உருண்டு போகிறது. பெட்ரோலை நிறுத்திவிடுகிறேன்.
4. தகடு முழுசாகத் திறந்திருக்கிறதா? முழு சக்தி வேண்டும். அதற்கேற்ற கலவை தருகிறேன்.

இன்னொன்றும் உண்டு. பல வண்டிகளில் ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்திருந்தால் ஈ.சி.யு. பெட்ரோலையே நிறுத்திவிடும். இன்ஜினில் பெட்ரோல் அதிகமாகி நனைந்துபோனால் காயவைக்க இந்த ஏற்பாடு. அதனால் சென்சார் “முழுசாகத் திறந்திருக்கிறது” என்று பொய் சொன்னால், வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் அடம்பிடிக்கலாம்!

உள்ளே இருப்பது நம் பாடம்தான்

தகட்டைக் கேபிள் இழுக்கும் பழைய வகைக் கார்களின் டி.பி.எஸ்.ஸைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒரு கார்பன் பட்டை. அதன் மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு உலோக நாக்கு. அவ்வளவுதான். நம் லேபில் மின்னழுத்தமானிக் கம்பியின் மேல் தொடுசாவியை நகர்த்துகிறோம் அல்லவா? அதே வேலைதான்.

வெளியே மூன்று ஒயர்கள் வரும்.
ஒன்று, ஈ.சி.யு. தரும் 5 வோல்ட்.
இரண்டு, எர்த்.
மூன்று, சிக்னல். அதாவது நாக்கிலிருந்து வரும் செய்தி.

நாக்கு எர்த் பக்கம் இருந்தால் குறைந்த வோல்ட். 5 வோல்ட் பக்கம் போகப்போக அதிக வோல்ட். பல வண்டிகளில் தகடு மூடியிருக்கும்போது ஏறக்குறைய 0.5 வோல்ட், முழுசாகத் திறந்தால் ஏறக்குறைய 4.5 வோல்ட். வண்டிக்கு வண்டி இது மாறும். சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். 0-வில் தொடங்கி 5-ல் முடித்திருக்கலாமே? ஏன் 0.5, 4.5 என்று இரண்டு பக்கமும் இடம் விட்டார்கள்?

இதில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது. சென்சார் நன்றாக இருக்கும்போது 0 வோல்ட்டோ 5 வோல்ட்டோ சொல்லவே சொல்லாது. ஆகவே 0 வந்தால், ‘ஒயர் எங்கோ அறுந்துவிட்டது அல்லது எர்த்தைத் தொட்டுவிட்டது’ என்று ஈ.சி.யு. புரிந்துகொள்ளும். 5 வந்தாலும் அப்படியே. உடனே விளக்கைப் போட்டுவிடும். நோட்டில் மார்ஜின் விட்டு எழுதுகிறோமே, அது மாதிரி. மார்ஜினுக்குள் எழுத்து வந்தால் தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

கோடு என்ன சொல்கிறது?

ஸ்கேனரில் வரும் எண்ணைக் ‘கோடு’ என்கிறார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி கோடு தர வேண்டும் என்று கட்டாயமானது. டி.பி.எஸ். சம்பந்தப்பட்டவை:

பி 0120 – சுற்றில் கோளாறு.
பி 0121 – வோல்ட் வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை.
பி 0122 – வோல்ட் மிகக் குறைவு.
பி 0123 – வோல்ட் மிக அதிகம்.
பி 0124 – விட்டுவிட்டு வருகிறது.

கவனியுங்கள். இந்த ஐந்தில் ஒன்றுகூட “சென்சாரை மாற்று” என்று சொல்லவில்லை. சுற்று என்றால் சென்சார், கப்ளர், மூன்று ஒயர், ஈ.சி.யு. எல்லாம் சேர்ந்ததுதான். எனக்கு இதைச் சொல்லித்தந்த மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் சொன்னார்: “தம்பி, கோடு சொல்றது தெருப் பேரு மட்டுந்தான். வீட்டு நம்பரை நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும்.”

சோதனை செய்யும் முறை

முதலில் பாதுகாப்பு. பெரியவர்கள் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். இன்ஜின் ஓடக்கூடாது. சில சோதனைகளுக்குச் சாவி மட்டும் ஆனில் இருக்கும்.

படி 1: கண்ணால் பார்.
கப்ளர் சரியாக மாட்டியிருக்கிறதா? பின்னில் பச்சை பூத்திருக்கிறதா? எலி கடித்த தடம் இருக்கிறதா? பிறகு தகட்டைப் பாருங்கள். சுற்றிலும் கரி படிந்து, தகடு முழுசாக மூடாமல் நின்றால், சென்சார் 0.8 வோல்ட் என்று சொல்வது பொய்யல்ல, உண்மை! அங்கே தேவை புது சென்சார் இல்லை, சுத்தம் செய்வதுதான். சுத்தம் செய்யும் ஸ்பிரேயைச் சென்சார் மேல் அடிக்கக் கூடாது.

படி 2: 5 வோல்ட் வருகிறதா?
கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை 5 வோல்ட் பின்னிலும் வைக்க வேண்டும். 5-ஐ ஒட்டி வர வேண்டும். வரவே இல்லை என்றால் சென்சார் மேல் குற்றமில்லை. ஒயர் அறுந்திருக்கலாம். அதே 5 வோல்ட்டைப் பங்கு போடும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகி எல்லாவற்றையும் கீழே இழுத்திருக்கலாம்.

படி 3: எர்த் நல்லா இருக்கிறதா?
இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கப்ளரைத் திரும்ப மாட்டி, சாவி ஆனில் இருக்கும்போது, சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளக்க வேண்டும். ஏறக்குறைய 0 வர வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று அர்த்தம்.

கப்ளர் மாட்டியிருக்கும்போது எப்படி அளப்பது? மெல்லிய குண்டூசியைக் கப்ளரின் பின்பக்கமாக, ஒயரை ஒட்டி உள்ளே விட்டால் பின்னைத் தொடும். ஒயரின் நடுவில் குத்தி ஓட்டை போடக் கூடாது. பின்னால் அதன் வழியே தண்ணீர் இறங்கி, புதுக் கோளாறு வரும்.

படி 4: சிக்னல் சீராக ஏறுகிறதா?
மீட்டரைச் சிக்னலில் வைத்து, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிக மிக மெதுவாக மிதிக்க வேண்டும். 0.5, 0.6, 0.7 என்று படிப்படியாக 4.5 வரை ஏற வேண்டும். அதேபோல இறங்க வேண்டும். நடுவில் திடீரென்று 0-வுக்கு விழுந்தாலோ, குதித்தாலோ, அந்த இடத்தில் கார்பன் பட்டை தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனையில் தோற்றால்தான் சென்சார் குற்றவாளி.

பட்டை எங்கே அதிகம் தேயும் தெரியுமா? மூடிய நிலைக்குச் சற்று மேலே. ஏனென்றால் நாம் முழு ஆக்ஸிலரேட்டர் மிதிப்பது எப்போதாவதுதான். பெரும்பாலான நேரம் லேசாகத்தான் மிதிக்கிறோம். நாக்கு அந்தச் சின்ன இடத்திலேயே உரசிக்கொண்டிருக்கும். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருப்பினால் நாம் எப்போதும் வைக்கும் இடத்தில் ‘கர்ர் கர்ர்’ என்று சத்தம் வருமே, அதுவும் இதே காரணத்தால்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம். சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். சிக்னல் கண் சிமிட்டும் நேரத்தில் விழுந்து எழுந்தால் அது பார்க்காமலே விட்டுவிடும். ஆனால் பழைய முள் மீட்டரில் முள் ‘டக்’ என்று துடிப்பது தெரியும். பழசு என்று ஒதுக்கி வைத்த மீட்டர் இங்கே கைகொடுக்கிறது! டெஸ்ட் லாம்ப் மட்டும் வைக்கவே கூடாது. பல்பு எரிய வேண்டிய அளவு மின்னோட்டத்துக்கு இந்தச் சுற்று தயாராக இல்லை.

படி 5: ஆட்டிப் பார்.
மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒயரை லேசாக ஆட்ட வேண்டும், சென்சாரை விரலால் தட்ட வேண்டும். எண் ஆடினால் அங்கேதான் கோளாறு. குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடானதும் கெடுகிற வண்டியை இன்ஜின் சூடாக இருக்கும்போது மறுபடி சோதிக்க வேண்டும்.

படி 6: ஈ.சி.யு.வுக்குப் போய்ச் சேர்கிறதா?
சென்சார் முனையில் மீட்டர் காட்டும் வோல்ட்டும், ஸ்கேனரில் தெரியும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் நடுவில் உள்ள ஒயரைத் தேட வேண்டும்.

ஒரு உண்மைக் கணக்கு

எங்கள் தெருவில் ஒரு மாமா சொந்தமாக ஒரு பழைய கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். மேலே சொன்ன அதே தொந்தரவு அவர் வண்டிக்கு வந்தது. ஓர் இடத்தில் ஸ்கேனரில் பி 0121 கோடு வந்ததும் சென்சாரை மாற்றிவிட்டார்கள். மறுநாளே அதே விளக்கு! விற்ற எலக்ட்ரிக்கல் சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வாடகைக் காருக்கு ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சாப்பாடு நின்ற மாதிரி. பாகத்துக்குக் கொடுத்த பணமும் போய், இரண்டு நாள் சவாரியும் போனது.

பிறகு அந்த மெக்கானிக் அண்ணன் வந்து மீட்டரை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன். 5 வோல்ட் சரி. சிக்னல் துடிப்பில்லாமல் ஏறுகிறது. ஆனால் தகடு மூடியிருக்கும்போது 0.5-க்குப் பதில் 1.2 காட்டியது. எர்த்தை அளந்தார். ஏறக்குறைய 0.8 வோல்ட்! கப்ளரைக் கழற்றினால் எர்த் பின் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பின்னைச் சுத்தம் செய்து, தளர்ந்திருந்ததை இறுக்கி மாட்டினார். 0.5 வந்துவிட்டது. கோடை அழித்த பிறகு விளக்கு மறுபடி எரியவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். பட்டையின் மொத்த மின்தடை 5 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். பச்சை பூத்த பின்னின் தடை 1 கிலோ ஓம்.

நல்ல எர்த்: மின்னோட்டம் = 5 ÷ 5000 = 1 மில்லி ஆம்பியர்.
நாக்கு எர்த் முனையிலிருந்து 500 ஓமில் இருந்தால், சிக்னல் = 0.5 வோல்ட்.

கெட்ட எர்த்: மின்னோட்டம் = 5 ÷ 6000 = 0.83 மில்லி ஆம்பியர்.
எர்த் பின்னில் மட்டும் = 0.83 வோல்ட்.
நாக்குக்குக் கீழே இப்போது 500 + 1000 = 1500 ஓம். சிக்னல் = 1.25 வோல்ட்.

முழுசாகத் திறந்தால்? நல்ல எர்த்தில் 4500 ஓம், 4.5 வோல்ட். கெட்ட எர்த்தில் 5500 ஓம், 4.58 வோல்ட்.

வேடிக்கையைப் பார்த்தீர்களா? ஒரே பின்னின் கோளாறு. முழுசாகத் திறந்த பக்கம் வித்தியாசமே தெரியவில்லை. மூடிய பக்கம் இரண்டரை மடங்கு தப்பு. காலை எடுத்த பிறகும் ஈ.சி.யு. “ஓட்டுநர் லேசாக மிதிக்கிறார்” என்று நினைத்துக்கொள்கிறது. அதனால் ஐடிலைக் கவனிக்கும் வேலையை விட்டுவிடுகிறது. அந்த வண்டி சாலையில் நன்றாக ஓடி, சிக்னலில் மட்டும் தகராறு செய்ததற்கு இதுதான் காரணம். 1.25 வோல்ட் மார்ஜினுக்குள்ளும் போகவில்லை. ஆகவே ‘குறைவு’ என்றோ ‘அதிகம்’ என்றோ கோடு வராமல், ‘நம்பும்படி இல்லை’ என்ற பி 0121 வந்தது. எத்தனை புது சென்சார் போட்டாலும் அதே 1.25-தான் வந்திருக்கும்.

புது வண்டிகளில் எப்படி?

இப்போது வரும் கார்களில் ஆக்ஸிலரேட்டர் கேபிளே கிடையாது. மிதிப்பதை ஒரு சென்சார் சொல்ல, ஒரு சின்ன மோட்டார் தகட்டைத் திருப்புகிறது. பத்திரம்! சாவி ஆனில் இருக்கும்போது அந்தத் தகட்டில் விரலை விடக் கூடாது. மோட்டார் சட்டென்று மூடிவிடும்.

இதில் தகட்டின் நிலையைச் சொல்ல ஒன்றுக்கு இரண்டு சிக்னல் உண்டு. பல வண்டிகளில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் ஈ.சி.யு. நம்பாது. வேகத்தைக் குறைத்து வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்ட வைக்கும். உரசும் பட்டைக்குப் பதில் காந்தத்தை உணரும் வகையும் வந்துவிட்டது, அதில் தேய்மானம் இல்லை. ஆனால் பல வண்டிகளில் சென்சாரைத் தனியாக விற்பதில்லை, த்ராட்டில் பாடி முழுவதையும் மாற்ற வேண்டும். செலவு இன்னும் அதிகம். அளக்காமல் மாற்றினால் நஷ்டமும் அதிகம்.

இது கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபிறகு, புதிய பைக்குகளும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் இன்ஜெக்டருக்கு மாறிவிட்டன. நம் ஆசிரியர்கள் நிறுத்தியிருக்கும் வண்டிகள் பலவற்றிலும் இந்தச் சின்னச் சென்சார் உட்கார்ந்திருக்கிறது.

நினைவில் வைக்க நான்கு வரி

விளக்கு எரிந்தால் கோடைப் படி. கோடு வந்தால் சுற்றைப் பார்.
5 வோல்ட், எர்த், சிக்னல் மூன்றையும் அளக்காமல் சென்சாரைக் கழற்றாதே.
மெதுவாக மிதித்து அள. அவசரப்பட்டால் தேய்ந்த இடம் தப்பித்துவிடும்.
மாற்றிய பிறகும் ஒருமுறை அள. அப்போதுதான் வேலை முடிந்தது.

ஒர்க்‌ஷாப்பில் “சென்சாரை மாத்தணும்” என்று சொன்னால், “அண்ணே, எர்த்தையும் 5 வோல்ட்டையும் ஒரு தடவை அளந்து பார்த்துட்டீங்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், மீட்டரை எடுத்து உங்களுக்கே காட்டுவார். அந்த ஒரு கேள்வி உங்கள் வீட்டுப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

யோசியுங்கள்!

எர்த் ஒயர் முழுசாக அறுந்துவிட்டது. மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. சிக்னலில் எத்தனை வோல்ட் வரும்? எந்தக் கோடு வரும்?

(விடை: பட்டை வழியே மின்னோட்டம் போக வழியில்லை. மின்னோட்டம் இல்லையென்றால் மின்னழுத்த வேறுபாடும் இல்லை. ஆகவே பட்டை முழுவதும் 5 வோல்ட்டிலேயே நிற்கும். நாக்கு எங்கே இருந்தாலும் ஏறக்குறைய 5 வோல்ட்தான். கோடு பி 0123.)